யானை, கடல், உப்பு: மேற்கு பிரான்ஸில் ரெண்டு மாசம்

பிரான்ஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஈபிள் டவர். எனக்கும் அதுதான். மூணாவது வருஷ லீவுல ரெண்டு மாச இன்டர்ன்ஷிப் கிடைச்சப்போ, போக வேண்டியது பாரிஸ் இல்ல, நான்ட்னு ஒரு ஊர்னு தெரிஞ்சதும் முகம் தொங்கிப் போச்சு. பாரிஸிலிருந்து மேற்கே அதிவேக ரயிலில் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். லுவார் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். கதாசிரியர் ஜூல் வெர்ன் 1828-ல் பிறந்தது இங்கேதான்.

வாடகை போக கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதனால் சனி, ஞாயிறுகளில் பக்கத்து இடங்களுக்கு மட்டும் போனேன். அதில் மூணு இடங்களை உங்களுக்குச் சொல்லியே ஆகணும். மூணாவது இடத்தைப் பற்றிச் சொல்ல மட்டும் எனக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது.

1. நடக்கும் யானை

நான்ட் நகரின் நடுவில் ஆற்றுத் தீவு ஒன்று இருக்கு. ஒரு காலத்தில் அங்கே கப்பல் கட்டினாங்க. 1987-ல் கடைசித் தளமும் மூடப்பட்டு வேலை பார்த்தவங்க வெளியே வந்தாங்க. அந்தப் பழைய கொட்டகைகளில் 2007 முதல் ஒரு இயந்திர யானை வாழுது. உயரம் 12 மீட்டர், எடை சுமார் 48 டன். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் ஏறலாம். இரும்பு எலும்புக்கூடு, மேலே மரத்தோல். தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும்போது சின்னப் பசங்க அலறிட்டு ஓடுவாங்க. (நானும்தான்.)

மெக்கானிக்கல் மக்களே, டிக்கெட் வாங்காட்டியும் பரவாயில்ல, பக்கத்துல நடந்தாலே போதும். ஹைட்ராலிக் சிலிண்டர்களை எதையும் மூடி மறைக்கல. எந்தக் குழாய் எந்த மூட்டை அசைக்குதுன்னு கண்ணாலேயே படிக்கலாம். நாம செமஸ்டர் முழுக்க முட்டி மோதின பாடம், அங்கே கண் சிமிட்டிக்கிட்டே நடந்து போகுது.

2. தினமும் ரெண்டு தடவை காணாமல் போகும் சாலை

நான்ட்டுக்குத் தென்மேற்கே நுவார்முட்டியே தீவு. அங்கே போக 1971 முதல் பாலம் இருக்கு. ஆனா அதுக்கும் முன்னால இருந்தே ஒரு வழி உண்டு. பேரு குவா. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல் வடியும்போது மட்டும் தெரியும், ஏறும்போது முழுசா மூழ்கிடும். தினம் ரெண்டு தடவை இதே கதை.

லேபில் கூட வேலை பார்த்த ஒருத்தர் காரில் கூட்டிட்டுப் போனார். ரெண்டு முனையிலும் எப்போ போகலாம்னு நேர அட்டவணை வெச்சிருக்காங்க. அதையும் மீறிப் போய் மாட்டிக்கிட்டா ஏறி உட்கார, வழியில உயரமான மரக் கூண்டுகள். 1999-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இந்த வழியா போனப்போ, பாசி வழுக்கி ஒரு பெரிய கூட்டமே விழுந்திருக்கு. நாங்க கரையேறி ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தா, கார் ஓட்டிட்டு வந்த இடத்துல அலை அடிக்குது.

3. கெரான்ட்

முதல் வருஷ அறிமுகக் கூட்டம் ஞாபகம் இருக்கா? ஒவ்வொருத்தரா எழுந்து ஊர், அப்பா, அம்மா என்ன பண்றாங்கன்னு சொன்னோம். நான் “தூத்துக்குடி, அம்மா உப்பு பிசினஸ்”னு சொன்னேன். நீங்க முதலாளின்னு நினைச்சுக்கிட்டீங்க. நானும் திருத்தல. உண்மை என்னன்னா, அம்மா அளத்துல கூலிக்கு உப்பு சுமக்கிறாங்க. அதிகாலை மூணு மணிக்குக் கிளம்பினா, வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். மழைக்காலத்துல வேலையே கிடையாது.

இப்போ கெரான்டுக்கு வர்றேன். நான்ட்டிலிருந்து லெ க்ருவாசிக் போகும் ரயிலில் ஏறினால் பா-சுர்-மேர் நிலையத்தில் இறங்கலாம். சுத்தி சுமார் 2,000 ஹெக்டேருக்குச் சதுப்பும் உப்பளமும். “பார்க்க வேண்டிய இடம்”னு எல்லாரும் சொன்னாங்க. உப்பளத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பாங்களான்னு எனக்குச் சிரிப்பு வந்தது.

போய்ப் பார்த்தா, நிறைய பேர் வரிசையில நிக்கிறாங்க.

வழிகாட்டியா வந்தது அங்கேயே உப்பு எடுக்கிற ஒரு இளம்பெண். நம்ம ஊரில் போர் போட்டு, மோட்டார் வைத்து உப்புத் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுவோம். அங்கே மோட்டாரே இல்ல. பெரிய அலை ஏறும் நாளில் கடலைத் திறந்துவிட்டு, தண்ணீரை ஒரு குளத்தில் பிடிக்கிறாங்க. அங்கிருந்து களிமண் பாத்தி பாத்தியா, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாழ்வு. தண்ணீர் தானாகவே நகர்ந்து, வெயிலிலும் காற்றிலும் வற்றி, கடைசிப் பாத்தியில் உப்பாகுது. அடியில் படிவது களிமண்ணால் சாம்பல் நிறம். காய்ந்த காற்று வீசும் மாலையில் மேலே ஆடை மாதிரி மிதக்கும் வெள்ளைப் படலத்துக்குப் பேரு “உப்புப் பூ”. அதை நீண்ட கைப்பிடி வெச்ச பலகையால பால் ஆடை எடுக்கிற மாதிரி எடுக்கிறாங்க.

1970-களில் சுற்றுலாவுக்காக இந்த அளங்களை அழிக்கிற திட்டங்கள் வந்தப்போ, உப்பு எடுக்கிறவங்களும் ஊர்க்காரங்களும் சேர்ந்து எதிர்த்து நின்னாங்க. 1979-ல் இந்தத் தொழிலுக்குன்னே பயிற்சிப் படிப்பு தொடங்கினாங்க. 1988-ல் கூட்டுறவு அமைச்சாங்க. அழிஞ்சு போக வேண்டிய தொழிலுக்கு இன்னைக்கு வெளியூர்ல இருந்து இளைஞர்கள் வந்து சேர்றாங்க.

பக்கத்திலேயே உப்பள அருங்காட்சியகம். பழைய படங்களில், வெறுங்காலோடு தலையில் உப்புச் சுமையைத் தூக்கிட்டு ஓடும் பெண்கள். கழுத்தை நிமிர்த்தி வெச்சிருந்த விதம் அப்படியே எங்க அம்மா. அதுக்கு மேல அந்த ஹாலில் நிக்க முடியல.

முன்னாடி, சுத்திக் காட்டி முடிச்சதும் அந்தப் பெண் என்னிடம், “உங்க நாட்டிலும் உப்பு எடுப்பாங்களா?”ன்னு கேட்டிருந்தாள். “எங்க அம்மா அந்த வேலைதான் செய்யறாங்க”ன்னு சொன்னேன். அப்படி ஒருத்தர்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பரிதாபப்படல. ஆச்சரியப்படவும் இல்ல. “ஒரு நாளைக்கு எத்தனை பாத்தி? காற்று எந்தப் பக்கம்?”னு தொழில்காரி மாதிரி கேட்டாள். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியல. இருபது வருஷம் அந்த உப்பில் வளர்ந்தவனுக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு போன் போட்டேன்.

“ஏய்யா, அங்கயும் பொம்பளையள் அளத்துல வேலை பாக்காவளா?”

“பாக்காங்க ம்மா. ஒரு நாளைக்கு எத்தனை பாத்தி எடுப்பீங்கன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அம்மா பேச ஆரம்பிச்சாங்க. முக்கால் மணி நேரம். பாத்தி மிதிக்கிறது, காற்று மாறினா என்னாகும், கண்ணு ஏன் கூசுதுன்னு எல்லாம். நான் இதுவரை கேட்டதே இல்ல, அதனால அவங்க சொன்னதும் இல்ல.

வரும்போது உப்புப் பூ ஒரு சின்ன டப்பா வாங்கினேன். விலை கிட்டத்தட்ட அம்மாவோட ஒருநாள் கூலி. அதைச் சொன்னதும் நல்லாத் திட்டு விழுந்துச்சு. மாங்காயில் தொட்டு வாயில போட்டுட்டு, “இது என்ன, கரிக்கவே இல்ல. நம்ம உப்பு இதவிட நல்ல உப்பு”ன்னு முடிச்சுட்டாங்க.

நீங்க பிரான்ஸ் போனா, பாரிஸோட நிறுத்திடாதீங்க, மேற்கே வாங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை போனா உப்பு எடுக்கிறதைப் பார்க்கலாம். குவாவில் நேர அட்டவணையைப் பார்க்காம இறங்காதீங்க.

பிரான்ஸ் போக முடியாதவங்க தூத்துக்குடி வாங்க, அளத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா ராத்திரி ரெண்டரைக்கே எழுந்திரிக்கணும். அம்மா யாருக்காகவும் காத்திருக்க மாட்டாங்க.