உப்பு எப்போது?

சைவ வாசகர்கள் இந்த வாரம் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் ஹாம்பர்கர்தான். அதுவும் மாட்டிறைச்சி ஹாம்பர்கர். ஆனால் பேசப்போவது உப்பைப் பற்றி. அது எல்லாருக்கும் பொது.

ஹாம்பர்கரில் 'ஹாம்' கிடையாது. பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது. கொத்திய கறி அமெரிக்காவில் ரொட்டிக்கு நடுவே எப்போது உட்கார்ந்தது, யார் உட்கார வைத்தார்கள் என்பதில் அங்கே ஊருக்கு ஊர் பஞ்சாயத்து. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் இருக்கும் 'லூயிஸ் லஞ்ச்' என்ற சின்னக் கடை, '1900-லேயே நாங்கள்தான்' என்கிறது. அங்கே இன்றைக்கும் கெச்சப் கேட்டால் கிடைக்காது. வாட்டிய ரொட்டி, கறி, வேண்டுமானால் சீஸ், தக்காளி, வெங்காயம். தீர்ந்தது. 1921-ல் கான்ஸாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் ஆரம்பித்த 'ஒயிட் காஸில்' கடையில் ஒரு பர்கர் 5 செண்ட். அங்கேயும் வெங்காய வாசனைதான் பெரிய மசாலா.

அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் ஹாம்பர்கருக்கு இலக்கணமே இருக்கிறது. அந்தப் பெயரில் விற்கும் கறியில் மாட்டிறைச்சியும் அதன் கொழுப்பும் இருக்கலாம், சுவைக்கு உப்பு, மிளகு மாதிரி ஏதாவது சேர்க்கலாம். கொழுப்பு 30 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. தண்ணீர் கூடாது. ஒட்டுவதற்கு மாவு கூடாது. அதாவது பொட்டுக்கடலை மாவைப் போட்டால் சட்டப்படியே அது ஹாம்பர்கர் இல்லை!

இந்தச் சட்டம் தெரியாமலேயே அதை அமல்படுத்திய ஒரு பத்து வயசுப் பையனை எனக்குத் தெரியும். நியூ ஜெர்ஸி எடிசனில் என் தங்கை மகளின் பிள்ளை. ஜூலை நாலாம் தேதி வந்தால் அந்தத் தெருவில் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் கரி அடுப்பு புகையும். தன் நண்பர்களையும் கூப்பிட வேண்டும் என்று பையன் அடம். தங்கை மகள் பீஃப் சாப்பிட மாட்டாள். பிள்ளைக்காக வாங்கி வந்து, ராத்திரியே இஞ்சி, பூண்டு, சோம்பு, கரம் மசாலா, முட்டை, பொட்டுக்கடலை மாவு, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் சுட்டுத் தட்டில் வைத்ததும் பையன் ஒரு கடி கடித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"அம்மா, இது பர்கர் இல்ல. கோலா உருண்டையைத் தட்டி வெச்சிருக்க."

நண்பர்கள் மரியாதையாகப் பாதி சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். அவள் என்னிடம் வந்தாள். "மாமா, நீங்களே சொல்லுங்க. நான் வாயில வைக்காததை அவனுக்காகக் கையால பிசையறேன். வெறும் உப்பைப் போட்டுக் குடுத்தா, அப்புறம் என் கைமணம் எங்க இருக்கும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பாசத்தில் இல்லை, கொஞ்சம் விஞ்ஞானத்தில் இருக்கிறது.

தசையில் மயோசின் என்று ஒரு புரதம் உண்டு. உப்பு பட்டால் அது கரைந்து வெளியே வரும். பிசையப் பிசைய ஒன்றோடொன்று கைகோத்து வலை மாதிரி பின்னிக்கொள்ளும். சூடு பட்டதும் அந்த வலை இறுகிவிடும். சாஸேஜ் செய்கிறவர்களுக்கு இதுதான் வேண்டும். கடித்தால் ரப்பர் மாதிரி எகிற வேண்டும், துண்டு போட்டால் உதிரக்கூடாது. கோலா உருண்டையும் எண்ணெயில் பிரியாமல் நிற்க வேண்டும். ஹாம்பர்கருக்கு நேர் எதிர். அது வாயில் உதிர வேண்டும். ஆகவே உப்பைக் கறிக்குள் போட்டுப் பிசையவே கூடாது. தட்டையாகத் தட்டி முடித்து, கல்லில் போடுவதற்குச் சற்று முன்னால் மேலே தூவ வேண்டும். எம்.ஐ.டி.யில் படித்துவிட்டுச் சமையலுக்கு வந்த கெஞ்சி லோபெஸ்-ஆல்ட் என்பவர், 2015-ல் வந்த 'தி ஃபுட் லேப்' என்ற தடி புத்தகத்தில் இதையெல்லாம் சோதனை போட்டே காட்டியிருக்கிறார்.

நம் பாட்டிகளுக்கு இந்த விவகாரம் புதிதில்லை. உளுந்த வடைக்கு உப்பைக் கடைசியில்தான் போடுவார்கள். முன்னாலேயே போட்டால் மாவு நீர்த்துவிடும். அதே உப்புதான், அதே அளவுதான். நேரம்தான் வித்தியாசம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக: கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருக்கிற கைமா நல்லது. ரொம்பக் கொழுப்பில்லாத கறி வறண்டுவிடும். ஒரு ஆளுக்கு 150 கிராம். சப்பாத்தி மாவு மாதிரி பிசையாமல், கை படுகிறதே தெரியாமல் சேர்த்துத் தட்டுங்கள். ரொட்டியை விடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், வேகும்போது சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம். இல்லாவிட்டால் உப்பிப் பந்து போல ஆகும். 150 கிராமுக்குக் கால் டீஸ்பூன் தூள் உப்பு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கைமாவைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. என் தங்கை மகளுக்கு வெந்த பிறகும் முடியாது. ஆகவே அளவு ஸ்பூன்தான் நாக்கு. சந்தேகமிருந்தால் ஒரு கோலி அளவு கறியைத் தனியாகச் சுட்டு, சாப்பிடப்போகிறவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் நன்றாகக் காய்ந்த கல். மேலே பழுப்பேறுகிறதே, அதுதான் பாதி ருசி. 1912-ல் இந்த ரசாயன மாற்றத்தை விவரித்த பிரெஞ்சுக்காரர் மயார் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். ஈரம் இருந்தால் பழுப்பு வராது. உப்பைத் தூவிவிட்டு போன் பேசப் போனால் கறி வியர்த்து ஈரமாகிவிடும். தோசைத் திருப்பியால் அழுத்தி அழுத்திச் சத்தம் கேட்கிற ஆசையையும் அடக்குங்கள். அந்தச் 'சொய்ங்' சத்தம், உள்ளே இருக்க வேண்டிய சாறு வெளியே போகிற சத்தம். மிளகு கருகினால் கசக்கும். எடுக்கிற நேரத்தில் தூவுவது என் கட்சி.

மசாலாவே கூடாதா என்று கேட்பீர்கள். பல அமெரிக்க வீடுகளில் வூஸ்டர்ஷர் சாஸ் இரண்டு சொட்டு விடுவார்கள். 1837-லிருந்து இங்கிலாந்தில் விற்பனையாகிற அந்தப் பாட்டிலில் வினிகர், நெத்திலி வகை மீன், வெல்லப்பாகு, கூடவே நம்முடைய புளி! வங்காளத்திலிருந்து திரும்பிய ஒரு பிரபு சொன்ன செய்முறை என்று கம்பெனியே கதை சொல்கிறது. கதை எப்படியோ, புளி நிஜம். ஆக, நம் ஊர் ருசி அங்கே முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கிறது.

தங்கை மகளுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். கைமணத்தைக் கறிக்குள் புதைக்காதே, மேலே வை. வெங்காயத்தை நீளமாக அரிந்து சோம்பு, பச்சை மிளகாய் போட்டுப் பொன்னிறமாக வதக்கு. புதினாச் சட்னியை ரொட்டியில் தடவு. வேண்டுகிறவன் வைத்துக்கொள்ளட்டும், வேண்டாதவன் கெச்சப்போடு போகட்டும். அடுத்த சனிக்கிழமை செய்தாள். பையனின் நண்பன் ஒருவன் அந்த வெங்காயத்தை மூன்று தரம் கேட்டு வாங்கிக்கொண்டான். பையன் கெச்சப் கட்சி. ஆனால் முழுசாகச் சாப்பிட்டான். அவளும் வெங்காயத்தை ருசி பார்த்தே செய்தாள், அது முக்கியம்.

இன்னொரு விஷயம், இது விளையாட்டில்லை. 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் எழுநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நாலு குழந்தைகள் இறந்துபோனார்கள். காரணம் ஈ.கோலை கிருமியில் ஒரு கொடிய ரகம். முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கல்லில் போட்டதும் செத்துவிடும். அரைத்த கறியில் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. அதனால் நடுப்பகுதி 71 டிகிரி செல்ஷியஸ் எட்ட வேண்டும். கோழி கைமா என்றால் 74. நிறத்தை நம்பாதீர்கள். பழுப்பாகத் தெரிவது வேகாமல் இருக்கலாம். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். உப்பு குறைந்தால் மேலே தூவிக்கொள்ளலாம். இதில் குறைந்தால் சரிசெய்ய வழியில்லை.

கடைசியாக, சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எல்லாக் குறிப்பிலும் கடைசி வரியாக 'உப்பு - தேவையான அளவு' என்று போடுகிறீர்கள். பக்கத்திலேயே 'தேவையான நேரத்தில்' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் என்ன?