மின்கம்பி முடிந்த இடத்திற்கு அப்பால்

எவரெஸ்ட் அடிவார முகாமைக் கண்டுவர வேண்டுமென்ற நெடுநாள் ஆவலால், நாங்கள் நால்வர் ஒரு சித்திரை மாதத்தில் நேபாளம் சென்றோம். 2,860 மீட்டர் உயரத்திலுள்ள லுக்லாவில் சிறு விமானம் எங்களை இறக்கிவிட்டது. அதன்பின் எல்லாம் கால்நடைப் பயணமே.

3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரில் மின்சாரத்திற்குக் குறையில்லை. ஆஸ்திரிய நாட்டின் உதவியோடு 1990-களின் நடுவில் தாமே என்னும் சிற்றூருக்கருகே எழுந்த சிறு நீர்மின் நிலையம், அவ்வூரின் வாழ்வையே மாற்றிய ஒன்று. ஆனால் மேலே செல்லச் செல்ல, விடுதிகளின் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளே கதி. பகலில் சேரும் மின்சாரத்தைப் பெரிய பாட்டரிகளில் தேக்கி, இரவில் எண்ணி எண்ணிச் செலவிடுகிறார்கள். பயணிகளின் கைபேசிக்கு மின்னேற்ற மணிக்கணக்கில் கட்டணம் உண்டு.

நாங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. வழிநெடுகப் படம் பிடித்தோம். இரவில் அப்படங்களைப் பார்த்து மகிழ்ந்தோம். கொண்டுசென்ற சூரியத் தகட்டை முதுகுப்பையில் தொங்கவிட்டு நடந்தோம். அது வெயிலுக்கு நேரே நில்லாமல் அசைந்தாடியதால் கிடைத்த மின்சாரம் சொற்பமே. நண்பகலில் தங்கும்போது சூரியனை நோக்கிச் சாய்த்து வைத்து, மின்கலத்தை மட்டும் நிழலில் வைப்பதே முறை என்பதை எங்கள் சுமைதூக்கும் தம்பி சொல்லித்தான் அறிந்தோம்.

4,940 மீட்டர் உயரத்திலுள்ள லொபூசேயை அடைந்தபோது, இரண்டு நாட்களாக மேகமும் பனித்தூறலும் விலகவில்லை. எங்கள் காமிராக்கள் அணைந்துவிட்டன. விடுதியை நடத்திய அம்மையாரிடம், "தீதீ, கட்டணம் இருமடங்கு தருகிறோம்" என்றோம். தீதீ என்றால் அங்கே அக்கா. அவரோ, "இன்று இருப்பது தொலைபேசிக்கும் ஒரு விளக்குக்குமே போதும்" என்று தலையசைத்து மறுத்துவிட்டார். எங்களுக்கு மனத்தாங்கல்தான்.

நள்ளிரவில் அடுத்த அறையில் சலசலப்பு எழுந்தது. அங்கே தங்கியிருந்த இளைஞர் கடுந்தலைவலியால் துடித்தார். எழுந்து நின்றால் தள்ளாடினார். மலைநோய் முற்றினால் உடனே கீழிறக்க வேண்டும். தாமதம் உயிரையே பறிக்கும். தீதீ தொலைபேசியை எடுத்து, கீழே பெரிச்சேயிலுள்ள மருத்துவ நிலையத்திற்குச் செய்தி சொன்னார். எங்களுக்கு மறுத்த மின்சாரம் அந்தத் தொலைபேசியில் இருந்தது.

இருளில் இறங்குவோருக்கு விளக்கு வேண்டுமே! எங்கள் நெற்றி விளக்குகளில் மூன்று, பையிலே குளிரில் கிடந்து உயிரற்றுப் போயிருந்தன. நான்காவதன் மின்கலத்தைத் தம்பி தன் தூக்கப்பைக்குள் உடலோடு அணைத்து வைத்திருந்தான். அது மட்டும் பளிச்சென்று எரிந்தது. கடுங்குளிரில் மின்கலத்தின் இரசாயன வினை மந்தமாகிறது. உள்ளிருக்கும் மின்சாரம் அழிவதில்லை, வெளிவரத் தயங்குகிறது. மற்ற மூன்றின் கலங்களையும் உள்ளங்கையிலும் சட்டைக்குள்ளும் வைத்துச் சூடேற்றினோம். சிறிது நேரத்தில் இரண்டு உயிர்பெற்றன. அவ்வொளியில் அவ்விளைஞரைத் தாங்கிச் சென்றார்கள். விடிந்தபின், அவர் தேறிவருவதாக அதே தொலைபேசியில் செய்தி வந்தது.

இத்தகைய பயணம் செல்வோர்க்கு நாங்கள் கற்றதைச் சொல்லிவைக்கிறோம். மின்கலங்களை இரவில் உடற்சூட்டில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம்-அயான் கலத்திற்கு மின்னேற்றாதீர்கள். அது உள்ளே கெட்டுவிடும். முதலில் அதைச் சூடாக்குங்கள். பகலில் சூரியத் தகட்டால் பவர் பேங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து கைபேசிக்கு ஏற்றுங்கள். விமானத்தில் உபரி மின்கலங்களைக் கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்குக்கென ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள்.

திரும்பும் வழியில் தீதீயிடம் விடைபெற்றபோது, மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அவர் சிரித்தபடி தேநீர் கொடுத்தார். அன்று வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.