மயில் கத்தினால் காது கொடுங்கள்!

ஆவூர்க்காரர்களுக்கு மயில் ஒன்றும் அதிசயம் கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்தில், மயிலுக்குப் பேர்போன விராலிமலையின் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஊர் அது. 1747-ல் கட்டப்பட்ட பெரியநாயகி மாதா ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் மயிலைக் கண்டால் செல்போனை எடுப்பார்கள். உள்ளூர் விவசாயிகள் கல்லை எடுப்பார்கள். விதைத்த கடலையைக் கிளறித் தின்றுவிட்டால் கோபம் வராதா என்ன?

அப்படிக் கோபத்தோடு இருந்த ஒரு பெரியவரைத்தான், கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் முதுமலைக்கு இழுத்துப் போனார்கள். பிள்ளைகளுக்குப் புலி பார்க்க ஆசை. பெரியவருக்கு மனம் முழுக்க வயலில். முந்தின வாரம்தான் ஊன்றிய விதையில் பாதியை மயில் தின்றிருந்தது.

திருச்சி, கரூர், கோவை, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி. அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு, கூடலூர் வழியாகச் சுமார் 67 கிலோமீட்டர் இறங்கினால் தெப்பக்காடு. குளிர் குறைந்து, தேயிலைத் தோட்டங்கள் மறைந்து, தேக்கும் மூங்கிலும் எதிர்ப்பட்டால் முதுமலை வந்துவிட்டது என்று அர்த்தம். 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான காடு இது. ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. மூன்று மாநில எல்லையும் மனிதர்களுக்குத்தான். யானைக்கு எல்லாம் ஒரே காடு.

சவாரிக்கு வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. புறப்படும் முன்பே ஓட்டுநர் சொல்லிவிட்டார். "கீழே இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, எதையும் வெளியே வீசக் கூடாது. புலி வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

கோடை மழை பெய்து காடு துளிர்விட்டிருந்தது. முதலில் புள்ளிமான் கூட்டம். அடுத்து, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல நின்ற காட்டெருமை. ஒரு திருப்பத்தில் குட்டியோடு ஒரு பெண் யானை. வண்டி தள்ளியே நின்றது. குட்டியைத் தன் வயிற்றுக்கு அடியில் நகர்த்திக்கொண்டு, அது பாதையைக் கடக்கும் வரை யாரும் மூச்சுவிடவில்லை.

பிறகு ஒரு மயில். அடுத்து இன்னொன்று. "இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பெரியவர் அலுத்துக்கொள்ள, வண்டியே சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் மூங்கில் புதருக்கு அப்பால் மயில் கத்தியது. ஓட்டுநர் சட்டென்று வண்டியை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தார். மரத்தின் மேலிருந்து குரங்கு குரல் கொடுத்தது. புள்ளிமான்கள் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கி, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தன.

"பெரிய மிருகம் ஏதோ நடக்குது. இவங்கதான் நமக்குச் சேதி சொல்றவங்க" என்று கிசுகிசுத்தார் ஓட்டுநர்.

பத்து நிமிடம் காத்திருந்தும் எதுவும் வெளியே வரவில்லை. வண்டி மெல்ல நகர்ந்தபோது, ஈரமண்ணில் உள்ளங்கை அகலத்துக்குப் பதிந்திருந்த புலியின் காலடித் தடத்தை ஓட்டுநர் காட்டினார். பிள்ளைகளின் முகம் வாடியது. பெரியவர் மட்டும் அந்த மூங்கில் புதரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஊரில் தூக்கத்தைக் கெடுக்கிற அதே குரல்தான், இங்கே மொத்தக் காட்டுக்கும் காவல்!

"தம்பி, இங்க இவ்வளவு மயில் திரியுதே, பெருகிப் போகாதா?"

"அதெப்படிங்க ஐயா? முட்டையை உடும்பும் கீரியும் எடுத்துக்கும். குஞ்சை நரியும் காட்டுப்பூனையும் விடாது. பெரிசானா சிறுத்தை இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு ஆள் உண்டு."

நரி என்றதும் பெரியவர் மௌனமானார். சின்ன வயதில் ஆவூர்ப் பக்கம் ராத்திரியில் நரி ஊளையிடுவதைக் கேட்டிருக்கிறார். குறுங்காடுகள் குறைந்தன, நரியும் குறைந்தது. ஊர்களில் மயில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மயில் 1963-ல் தேசியப் பறவையானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி அதைக் கொல்வது குற்றம். சட்டம் மயிலைக் காக்கிறது. நரியோ கண்ணிலேயே படுவதில்லை. இடையில் நஷ்டம் விவசாயிக்கு.

"உங்களுக்காவது மயில்ங்க. எங்க பக்கம் வாழை வெச்சா யானைங்க. ஒரே ராத்திரியில தோப்பு காலி" என்றார் ஓட்டுநர். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டார்கள்.

தெப்பக்காடு யானைகள் முகாமில் பிள்ளைகளின் வாட்டம் மறைந்தது. கேழ்வரகுக் களி உருண்டையைப் பாகன் நீட்ட, யானை வாயைத் திறந்து காட்டியது. 2023-ல் ஆஸ்கர் வென்ற 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' குறும்படத்தில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாக் குட்டியை வளர்த்தது இங்கேதான்.

ஊர் திரும்பிய பிறகும் பெரியவர் தகரத்தைத் தட்டி மயிலை விரட்டத்தான் செய்கிறார். வயிறு இருக்கிறதே! ஆனால் வரப்போரத்துப் புதரை வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்று மகன் சொன்னபோது, தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும்டா. நரி வந்தா தங்க ஒரு எடம் வேணும்ல?"

போகிறவர்கள் கவனத்துக்கு:

* நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும். கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

* சவாரி காலையிலும் மாலையிலும் உண்டு. கட்டணத்தையும் நேரத்தையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை நாட்களில் சவாரி நிறுத்தப்படுவதும் உண்டு.

* பளிச்சென்ற நிற உடை, வாசனைத் திரவியம், கேமரா ஃபிளாஷ் வேண்டாம்.

* பிளாஸ்டிக் பாட்டில், கவர்களுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் நல்லது.

* பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தக் காட்டுச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை உண்டு.