மின்னலுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு



ஐப்பசி பிறக்கப் போகிறது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெரும்போக விதைப்புக்கு ஆயத்தமாகிறார்கள். இந்த நேரத்தில் பழைய புவியியல் பாடம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும் போல் இருக்கிறது.

இலங்கையில் மின்னல் அதிகம் விழுவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான். 'இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம்' என்று மனப்பாடம் செய்தீர்களே, அந்த இரண்டும்தான். சோழகம் பலமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கில் மழை கொட்டும், ஆனால் இடி குறைவு. மார்கழி, தை வாடையிலும் அப்படித்தான்.

காரணம் எளிது. பருவக்காற்று ஓய்ந்திருக்கும் மாதங்களில் காலை வெயில் தரையை நன்றாகச் சூடாக்கும். பிறகு கடற்காற்று இரு கரைகளிலிருந்தும் ஈரத்தோடு உள்ளே வரும். சூடான ஈரக்காற்று மேலெழுந்து பெரிய முகிலாகத் திரளும். அதன் உள்ளே பனிக்கட்டித் துணிக்கைகள் மோதும்போது மின்னேற்றம் உண்டாகிறது. மலைச்சரிவு இருந்தால் காற்று இன்னும் வேகமாக எழும். அதனால்தான் இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கம் இடி அதிகம். ஐப்பசியில் வடக்கும் கிழக்கும் சேர்ந்துகொள்ளும்.

வெயில் ஏறிய பிறகே முகில் திரள்வதால், ஆபத்தான நேரம் பெரும்பாலும் பின்னேரம் 2 மணிக்குப் பிறகுதான்.

என் கவலை இதுதான். விதைப்பும் அதே மாதம். பிள்ளைகள் மைதானத்தில் பந்தடிப்பதும் அதே பின்னேரம். வெட்டவெளியில் நிற்கும் மனிதரே அங்கு உயரமானவர். ஓடி ஒதுங்கும் தனிமரமும் காவல் கொட்டிலும் காப்பாற்றா. முதல் துளி விழுமுன்பே, 10 கிலோமீற்றருக்கு அப்பால் மழை பெய்யும்போதே, மின்னல் இங்கே விழலாம்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் கணக்கு. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் கல்வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வர வேண்டாம். அம்மம்மா சொல்லித் தந்தபடி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றும் சொல்லுங்கள். ஆனால் கூரைக்குக் கீழே நின்று சொல்லுங்கள்!

இன்னொன்று. மின்னல் தாக்கியவரைத் தொடப் பயப்படாதீர்கள். உடலில் மின்சாரம் தங்காது. பேச்சுமூச்சு இல்லாவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். 1990க்கு அழையுங்கள். தயங்கி நிற்கும் சில நிமிடங்களில்தான் உயிர் போகிறது.

வயலுக்குப் போகிற அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். விடியவே இறங்கி, 2 மணிக்கு முன் வீடு வந்து சேரச் சொல்லுங்கள். மிச்ச வேலையை நாளைக்குப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்