என் வீட்டு வாத்தியார்கள்

மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் (சிவில்) துறை



இந்த ஆண்டு நம் பேரவைத் தொடக்க விழாவில் நடந்த பட்டிமன்றம் உங்களுக்கு நினைவிருக்கும். "பிள்ளைகள் கற்கச் சிறந்த இடம் பள்ளியா? வீடா?" என்பது தலைப்பு. பள்ளியே என்ற அணியில் கடைசியாகப் பேசியவன் நான்.

"படித்த பெற்றோர் வேண்டுமானால் பிள்ளையை வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோர் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள்? பசியையும் பட்டினியையுமா?" என்று நான் கேட்டபோது அரங்கமே அதிர்ந்தது. மெக்கானிக்கல் நண்பர்கள் பெஞ்சைத் தட்டிய தட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. தீர்ப்பு எங்கள் அணிக்குத்தான். எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு.

அன்று ராத்திரி அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா, மடியிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அப்பா கால் கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"மேடையில என்னலே பேசுன? சொல்லு, கேப்போம்" என்றாள் அம்மா.

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. "சும்மா... படிப்பைப் பத்தித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். ஒன்றைக் கேட்டால் பதில் வாங்காமல் விடுகிறவள் இல்லை என் அம்மா. அன்றைக்கு என்னமோ விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பாங்கு கணக்குக்காகத் தன் பெயரை மட்டும் எழுதப் பழகியவர். அம்மாவுக்குக் கைநாட்டுதான். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மேடையில் நான் யாரைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "எதிர்காலத் தொழில்நுட்பம்" பற்றி எழுதுவதாக இருந்ததை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது நான் ஏழாம் வகுப்பு. எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். மறுபடி நான் வகுப்பில் போய் உட்கார்ந்தது 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி, ஒன்பதாம் வகுப்பில். இடையில் எட்டாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு நாள்கூட நான் பள்ளிக்கூடம் போகவில்லை! புத்தகம் கொடுத்தார்கள், கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார்கள். மற்றபடி அந்த ஒரு வருஷம், தெருவில் அத்தனை வீடும் பள்ளிக்கூடம்தான். ஆனால் ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இல்லை.

எதிர்வீட்டில் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கும் சார் இருந்தார். மகள் ஆறாம் வகுப்பு. அவர் சுவரில் டைம்டேபிள் எழுதி ஒட்டிவிட்டார். காலை ஒன்பது மணிக்குத் தட்டில் கரண்டியால் அடிப்பார், அதுதான் பெல். பீரியடுக்குப் பீரியட் மாறும். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் விடுதலை. அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கோலி விளையாடுவதையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு மாதம் போனது. பெல் சத்தம் நின்றது. "என்ன சார், லீவா?" என்று அப்பா கேட்டார். "இல்ல கொத்தனாரே. பக்கத்துல உக்காந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருது. மிச்ச நேரம் பூரா நான் சும்மா அதட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு காலையில் ரெண்டு மணி நேரம்தான் பாடம். அந்தப் பிள்ளை சிரித்துப் பார்த்தது அதன் பிறகுதான்.

மூன்றாவது வீட்டுத் தையல்கார அக்காவின் வழி இதற்கு நேர் எதிர். "கேட்டா சொல்லிக் குடுப்பேன். கேக்காட்டி அவன் பாட்டுக்கு இருக்கட்டும்" என்பாள். அவள் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. ஓடாத தையல் மிஷினைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டினான். அங்குலத்தை சென்டிமீட்டராக மாற்ற டேப்பின் இரண்டு பக்கத்தையும் பார்த்து அவனே கண்டுபிடித்தான். ஆனால் 2021 நவம்பர் 1-ஆம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தபோது, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு வரியை வாசிக்க அவனுக்கு மூச்சு முட்டியது. பிறகு எங்கள் தெருவிலேயே 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்பு ஆரம்பித்தார்கள். அங்கே சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்துதான் அவன் எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறினான்.

எங்கள் வீட்டில் டைம்டேபிளும் கிடையாது, டேப்பும் கிடையாது. அம்மாவிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. "வாசி. வாசிச்சதைப் புஸ்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு."

அவள் பீடி சுற்றுவாள். நான் எதிரே உட்கார்ந்து வாசிப்பேன். அம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்து ஒருநாள் ஏமாற்றப் பார்த்தேன். முந்தின நாள் வாசித்த கட்டபொம்மன் பாடத்தையே புதுப் பாடம் மாதிரி மறுபடி வாசித்தேன். அம்மாவின் கை நிற்கவில்லை. நூலைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏலே, ஜாக்சன் துரையை ராமநாதபுரத்துல பாத்தாருன்னு நேத்தே சொன்னியே. இன்னைக்கும் போயிப் பாக்காரு. ரெண்டு தடவையா பாத்தாரு?"

எனக்கு முகம் செத்துவிட்டது. 1798-இல் நடந்த அந்தச் சந்திப்பையும், மறு வருஷம் கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டதையும் நான் இனி மறக்க மாட்டேன். "நம்ம கயத்தாறா? பஸ்ஸு நிக்குமே, அந்தக் கயத்தாறா?" என்று அம்மா சுளகைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டது அப்படியே மனதில் இருக்கிறது. அவள் கேட்கிற கேள்விக்குப் பயந்தே நான் ஒழுங்காகப் படித்தேன். புரியாமல் வாசித்தால் அவளுக்குச் சொல்ல முடியாது. அவளுக்குப் புரியவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் பரீட்சை!

கணக்கும் அவளிடம் உண்டு. கட்டுக்கு 25 பீடி. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். 25-ஆம் வாய்ப்பாடு எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை, சுளகில் வந்தது.

அப்பாவின் வழி வேறு. அவர் கேள்வியும் கேட்க மாட்டார், விளக்கமும் சொல்ல மாட்டார். "இதைப் பிடி" என்பார். வேலை இல்லாத அந்த நாட்களில், மிச்சம் கிடந்த செங்கல்லை வைத்துப் பின்வாசலில் குளிக்க ஒரு தடுப்புக் கட்டினார். நான்தான் சித்தாள். மூலையில் ஒரு ஆணி அடித்து, ஒரு பக்கம் நூலில் 3 அடி, மறு பக்கம் 4 அடி அடையாளம் வைத்தார். "குறுக்க அளந்து பாரு. அஞ்சடி வந்தா மூலை சரி. கூடுனா வாய் பொளந்திருக்குன்னு அர்த்தம். குறைஞ்சா வாய் மூடிருக்கு" என்றார். 5 அடி 2 அங்குலம் வந்தது. நூலை நகர்த்தி நகர்த்தி 5 அடி வரும்வரை என்னை விடவில்லை.

இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகலில் டேப்பை 3-4-5 என்று பிடித்துச் செங்குத்துக் கோடு போடச் சொல்லிக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? நம் பேட்சில் முதலில் முடித்தது நான். "முன்னாடியே படிச்சிட்டியாப்பா?" என்று சார் கேட்டார். "ஆமா சார், புக்ல பார்த்தேன்" என்றேன். அதுவும் பொய். பித்தாகரஸ் பெயர் தெரியாத ஒருவரிடம் பின்வாசலில் படித்தது அது.

மட்டம் பார்க்கும் டியூப்பையும் அப்படித்தான் கையில் கொடுத்தார். தண்ணீர் நிரப்பிய டியூப்பின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். "ஆனா உள்ள காத்துக் குமிழி இருந்துச்சுன்னா பொய் சொல்லும். மொதல்ல குமிழியை எடு, அப்புறம் மட்டம் பாரு" என்பார்.

பட்டிமன்றத்துக்குப் பிறகு மனது கேட்காமல் நூலகத்தில் வீட்டுக் கல்வி பற்றித் தேடிப் படித்தேன். இதைப் பேசுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும்! எங்கள் தெருவில் நடந்த ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், பிள்ளைகள் தங்கள் ஆர்வத்தின் போக்கிலேயே கற்பார்கள், பெற்றோர் துணை நின்றால் போதும் என்று எழுதினார். 1977-இல் இதற்காகவே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அது நம் தையல் அக்காவின் கட்சி. பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவந்து மணி அடித்து நடத்துகிற பெற்றோரும் அங்கே உண்டு. அது எதிர்வீட்டு சார் கட்சி.

இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற அம்மையார் 1886-இல் வீட்டுக் கல்வி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். நல்ல புத்தகத்தை ஒரு முறை வாசிக்க வேண்டும். வாசித்ததைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் முறையின் முக்கியப் பகுதி. இன்றும் பல நாடுகளில் வீட்டில் பாடம் சொல்லும் பெற்றோர் இதைப் பின்பற்றுகிறார்கள். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இது என் அம்மாவின் சட்டம் அல்லவா! பெயரைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. மேசன் என்றால் என் அப்பாவின் தொழில்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது இன்னொரு பட்டிமன்றப் பேச்சாகிவிடும். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெரும்பாலும் தாமே கற்பிக்க முயன்றார். பொதுவேலைகளுக்கு நடுவில் போதிய நேரம் கொடுக்க முடியவில்லை என்றும், தம் மீது பிள்ளைகளுக்கு வருத்தம் உண்டு என்றும் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். மூத்த மகன் ஹரிலால் 1911-இல் தந்தையைப் பிரிந்து போனார். முறையான படிப்பு கிடைக்காத குறை அதற்கு ஒரு முக்கியக் காரணம். மகாத்மாவின் வீட்டிலேயே அப்படி!

எங்கள் வீட்டிலும் முடியாதது நிறைய இருந்தது. இயற்கணிதம் வந்தபோது அம்மாவுக்குச் சொல்ல எனக்கே தெரியவில்லை. ஆங்கிலப் புத்தகம் தூசி படிந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த ஒரு வருஷக் கடனை அடைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன், பள்ளி மூடிய காலத்தில் டூவீலர் மெக்கானிக் கடைக்கு வேலைக்குப் போனான். பள்ளி திறந்தது, அவன் வரவில்லை. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவன். பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆகவே, பள்ளி வேண்டும் என்று நான் பேசியதில் தப்பில்லை. அதை நிரூபிக்க என் வீட்டை வெறும் வீடு என்று சொன்னேனே, அதுதான் தப்பு. அந்தப் பேச்சில் இருந்த காற்றுக் குமிழி அது.

1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக, பள்ளிக்குப் போகாதவர்களும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். வசதியும் படிப்பும் உள்ள சில பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்து அப்படித் தேர்வு எழுத வைக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். நம் பெற்றோருக்கு அந்த விருப்பம் கிடையாது, நேரமும் கிடையாது. ஆனாலும் வேலைக்கு நடுவில், பெயர் தெரியாமலே, ஏதோ ஒரு முறையில் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் வயலிலோ, தறியிலோ, கடைக் கல்லாவிலோ ஒரு பாடம் நடந்திருக்கும். யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் வாசித்துக் காட்டினேன். பட்டிமன்றத்தில் பேசிய அந்த வரியையும் விடாமல் வாசித்தேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பட்டினியும் கிடந்தோம்லா, அது நெசந்தான" என்றாள். அப்பாதான் கேட்டார்:

"இது எல்லாரும் வாசிக்கிற புஸ்தகத்துல வருமாலே?"

"வரும்பா. வேண்டாம்னா எடுத்திருதேன்."

"எடுக்க வேண்டாம். கோணலா வந்த சுவரைப் பூச்சுல மறைக்கக் கூடாது. பிரிச்சுத்தான் கெட்டணும்."

பிரித்துக் கட்டியிருக்கிறேன் நண்பர்களே. மூலை சரியாக இருக்கிறதா என்று நீங்கள்தான் குறுக்கே அளந்து சொல்ல வேண்டும்.