கடல் வழிவிடும் தீவு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்காட்லாந்து எல்லைக்கு அண்மையில், லிண்டிஸ்பார்ன் என்னும் சிறு தீவு உள்ளது. 'புனிதத் தீவு' என்றே மக்கள் அதனை அழைக்கின்றனர். நாள்தோறும் இருமுறை கடல் பெருகி அதனை நிலத்தினின்று பிரிக்கிறது. இருமுறை வற்றி மீண்டும் இணைக்கிறது. 1954-இல் இடப்பட்ட சாலையும் இவ்வாறே மூழ்கி எழுகின்றது. நீர் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கேட்டறியாது எவரும் புறப்படலாகாது. வேளை தப்பியவர்கள் ஏறி உயிர் பிழைப்பதற்கென்றே வழியில் உயர்ந்த கால்களின் மேல் ஒரு சிற்றறை கட்டப்பட்டிருக்கிறது. யாத்திரிகரின் பழைய பாதையோ மணல்வெளியில் நட்ட கம்பங்களின் வரிசைதான். அதில் வெறுங்காலோடு சேற்றில் நடந்து வருவோரைக் கண்டபோது, ஊர்தியில் அமர்ந்து சென்ற எங்களுக்குச் சற்றே நாணம் உண்டாயிற்று.

இத்தீவை ஏற்படுத்திய பெருமை புனித எய்டனுடையது. நார்தம்பிரிய மன்னர் ஆஸ்வால்டு தம் மக்களுக்குத் திருமறை போதிக்க ஐயோனாத் தீவின் துறவியரை வேண்டினார். முதலில் வந்தவர் கடுமையானவர். மக்கள் முரடர்கள், சொல் கேளாதவர்கள் என்று சலித்துத் திரும்பிவிட்டார். அவையிலிருந்த எய்டன், குழந்தைக்குப் பால் தருவதுபோல எளியவற்றிலிருந்து தொடங்கியிருக்கலாமே என்று மெல்லக் கேட்டாராம். உடனே அவரையே ஆயராக அனுப்பினர். அது 635-ஆம் ஆண்டு. அவருக்கு அந்நாட்டு மொழி சரிவர வராது. மன்னரே அருகில் நின்று மொழிபெயர்த்தார். பீடு என்னும் துறவி தம் வரலாற்று நூலில் எழுதிவைத்த செய்தி இது. கடுஞ்சொல்லால் ஞானோபதேச வகுப்பை வெறுமையாக்கும் நம்மவர் சிலரும் இதைக் கேட்டால் நன்று.

அவருக்குப்பின் ஆயராக வந்தோருள் தலைசிறந்தவர் புனித கத்பெர்ட். அவர் 687-இல் மறைந்தார். பதினோராண்டு கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்ததாகப் பீடு கூறுகிறார். அவர் நினைவாக எழுந்ததே லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூல். ஆயர் ஈட்ஃப்ரித் தம் கையாலேயே எழுதி வண்ணந்தீட்டியது என்பது மரபு. பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு அதன் இலத்தீன் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். இன்றுள்ள ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்புகளில் அதுவே மிகப் பழையது. நூல் இன்று லண்டனில் உள்ளது.

793-இல் வைகிங்குக் கொள்ளையர் கடல்வழி வந்து மடத்தைச் சூறையாடினர். அச்சம் நீங்காமையால் 875-இல் துறவியர் புனிதரின் உடலைச் சுமந்துகொண்டு தீவை விட்டே வெளியேறினர். நெடுங்காலம் அலைந்தபின் அவ்வுடல் டர்ஹம் நகரில் நிலைபெற்றது. பின்னர்ப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெனடிக்ட் சபையினர் எழுப்பிய மடத்தை எட்டாம் ஹென்றி 1537-இல் மூடிவிட்டார்.

அதன் செந்நிறச் சுவர்களே இன்று நாம் காண்பவை. மேலே கோபுரம் விழுந்துவிட்டது. அதனைத் தாங்கிய வளைவு ஒன்று மட்டும் வானவில்போல வெறுவெளியில் நிற்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிப் புகும் இடத்தில், படமெடுப்போர் நடுவே செபிப்பது முறையாகுமா என்று எங்களுள் சிலர் தயங்கினர். எங்களுள் மூத்தவரான அம்மையார் எவரையும் கேளாது செபமாலையை எடுத்தார். பீடமிருந்த திசை நோக்கி ஒரு பத்துமணி சொன்னோம். அயலார் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்று எட்டி நின்றார்.

அருகிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்தில், ஆறு துறவியர் கத்பெர்ட்டின் பேழையைத் தோளில் சுமந்து செல்லும் மரச்சிற்பம் உண்டு. தலைகுனிந்த அம்முகங்களை விட்டு அகல எங்களுக்கு மனம் வரவில்லை. இடத்தை இழந்தும் சுமையை இழக்காதவர்கள் அவர்கள்.

பாறைமேலுள்ள கோட்டைக்குத்தான் கூட்டம் மிகுதி. மடத்தின் கற்களைக் கொண்டு பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பியது அது. பிற்காலத்தில் அதனை மாளிகையாக மாற்றியமைத்தவர் நமது புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ். அழகுதான், எங்கள் நெஞ்சில் நிற்கவில்லை.

ஊருக்குத் தென்மேற்கே, நீர் ஏறினால் தனித்துவிடும் ஒரு திட்டு இருக்கிறது. ஊராரின் சந்தடி விலகிக் கத்பெர்ட் செபிக்கச் சென்ற இடம் என்பர். அங்கே ஒரு மரச்சிலுவை நிற்கிறது. எங்களுக்குக் கிடைத்த வேளையில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தோம். எதிர் மணல்மேட்டில் கடல்நாய்கள் படுத்திருந்தன. அவை எழுப்பிய நீண்ட ஓலம், தொலைவில் பலர் கூடிப் பாடுவதுபோலவே காற்றில் வந்துகொண்டிருந்தது.