இரண்டு ரூபாய்த் தயாரிப்பாளர்கள்

விற்பனைத் துறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வர்கீஸ் குரியன் எனக்குப் பள்ளிப் பாடத்தில் வந்த ஒரு பெயர், அவ்வளவுதான். வெண்மைப் புரட்சி, ஆனந்த், கூட்டுறவு என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருந்தேன். சோப்பும் ஷாம்பூவும் விற்றுத் தலை நரைத்த பிறகுதான், என் தொழிலை இந்த நாட்டில் அவரளவுக்குப் புரிந்துகொண்டு செய்தவர் யாருமில்லை என்ற முடிவுக்கு வந்தேன். அதற்குக் காரணம் ஒரு சினிமா.

குரியன் 1921இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்தார். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்துவந்ததற்கு ஈடாக, 1949இல் குஜராத்தின் ஆனந்துக்கு அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் போனார். அங்கே 1946இலேயே பதிவான கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தைத் திரிபுவன்தாஸ் படேல் நடத்திக்கொண்டிருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்த இளைஞரை அவர்தான் பிடித்து நிறுத்தினார்.

என் போன்ற விற்பனைக்காரன் கண்ணில் முதலில் படுவது 1973ஆம் வருடம். குஜராத்தின் மாவட்டச் சங்கங்கள் ஒன்றோடொன்று சந்தையில் மோதிக்கொள்ளாமல் அமுல் என்ற ஒரே பெயரில் விற்பதற்காக, விற்பனைக்கென்றே ஒரு கூட்டமைப்பு அப்போது உருவானது. குரியன் 2006 வரை அதன் தலைவர். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் கையிலேயே பிராண்டும் இருந்தது. நான் வேலைபார்த்த இடங்களில் பிராண்டின் மதிப்பு கூடினால் பங்குதாரருக்கு லாபம். ஆனந்தில் அது எருமை வைத்திருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தால் சாதாரணமாகத் தெரியும். மாதக் கடைசியில் இலக்கை எட்ட ஓடியவனுக்கு அதன் கனம் புரியும்.

1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பரக் குழு புள்ளிச் சட்டை போட்ட அமுல் சிறுமியை உருவாக்கியது. அன்றாடச் செய்திகளை வைத்து விளம்பரம் போடுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்று குரியன் விட்டுவிட்டார். கலைஞர்களை நம்பும் இந்தக் குணம் முழுதாக வெளிப்பட்டது ‘மந்தன்’ படத்தில்தான்.

பால் கூட்டுறவு பற்றி அந்தப் படத்தின் இயக்குநர் ஷியாம் பெனகல் ஏற்கெனவே ஆவணப்படங்கள் எடுத்திருந்தார். அவரும் பம்பாயில் விளம்பர வாசகம் எழுதித் தொழில் பழகியவர். ஆவணப்படத்தைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள், கதைப்படம் எடுத்தால்தான் பரவலாகப் போய்ச் சேரும் என்று அவர் சொன்னார். பணத்துக்கு எங்கே போவது? குரியன் விவசாயிகளிடம் போனார். பால் காசிலிருந்து தலைக்கு 2 ரூபாய் கேட்டார். 5 லட்சம் பேர் கொடுத்தார்கள். சேர்ந்தது 10 லட்சம். 1976இல் வந்த படத்தின் தொடக்கத்தில், குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் வழங்கும் படம் என்று எழுத்து ஓடுகிறது. தங்கள் படத்தைப் பார்க்க லாரி லாரியாக வந்து இறங்கினார்கள்.

படம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கிரீஷ் கர்னாட் நடித்த கால்நடை மருத்துவர் ராவ் ஊருக்கு வருகிறார், சங்கம் அமைக்கிறார், ஊரின் சாதி அவரை எதிர்கொள்கிறது. தலித் மக்களும் ஊர்த்தலைவரும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்ற வேண்டும் என்பதே அங்கே பெரிய கலகம். சங்கத் தேர்தலில் ஊர்த்தலைவர் தோற்றதும் பழிவாங்கல் தொடங்குகிறது. ஸ்மிதா பாட்டீலின் பிந்து, ராவுக்கு எதிரான புகாருக்குத் தன்னையறியாமல் துணைபோகிறாள். ராவ் ஊரைவிட்டே போகிறார். மீதி வேலை நஸ்ருதீன் ஷாவின் போலா கையில். விஜய் டெண்டுல்கர் எழுதிய இந்தத் திரைக்கதையை எந்த விளம்பரதாரர் ஒப்புக்கொள்வார்? நாயகன் தோற்றுப் போகும் படத்துக்குப் பணம் போடு என்று என் மேலதிகாரிகளிடம் நான் கேட்டிருந்தால், அறைக்கு வெளியே அனுப்பியிருப்பார்கள். வெளியாள் போன பிறகும் சங்கம் நடக்க வேண்டும் என்பதுதான் குரியனின் வாழ்நாள் வேலை. அதனால் அந்த முடிவு அவருக்கு உறுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து அவர் செய்தது எனக்கு இன்னும் வியப்பு. படப்பிரதிகளை ஊர் ஊராக அனுப்பினார். கூடவே ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்பர், ஒரு தீவன நிபுணர். படம் பார்த்த கூட்டம் கலைவதற்குள் அவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பல ஊர்களில் சங்கம் இப்படித்தான் பிறந்தது. படத்தில் பிரீத்தி சாகர் பாடிய பாட்டு பின்னாளில் அமுலின் தொலைக்காட்சி விளம்பரமாகவும் ஒலித்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. பாட்டுக்குக் காசு கொடுத்தவர்களின் பாலுக்குத்தானே அது விளம்பரம்.

நிறுவனங்கள் கலைக்கும் கிராமத்துக்கும் நிதி ஒதுக்கும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பேனர் எங்கே கட்டுவது, லோகோ எவ்வளவு பெரிதாக வரும், பத்திரிகையில் படம் வருமா என்பதிலேயே பொழுது போய்விடும். கூத்து ஆடுகிறவரோ தறி நெய்கிறவரோ அந்த அறைக்குள் இருக்க மாட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று நாங்களே பேசி முடித்துவிடுவோம். காசோலை வாங்க மேடைக்கு வரும்போதுதான் அவர் முகத்தைப் பார்ப்போம்.

பிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் புதுப்பித்த ‘மந்தன்’ 2024இல் கேன் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது. சமூக நலன், கலை ஆதரவு என்று இன்று பட்ஜெட் போடும் இடத்தில் இருக்கும் என் துறை இளைஞர்கள் ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். பார்த்து முடித்ததும், நீங்கள் பணம் கொடுக்கும் கலைஞரையும் சங்கத்துக்காரரையும் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.